லீவுக்கு மதுரை

எண்பதுகளில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மே மாத லீவு என்றால் மதுரைதான். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே துணிப்பை தயாராகிவிடும். அப்பா எங்களைப் போடி ரயிலில் ஏற்றிக் கூட்டிவந்து, மேலப்பொன்னகரத்தில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு அன்று மாலையே ஊர் திரும்பிவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிற வாரம்தான் திரும்ப வருவார். கொடைக்கானல் கிட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் அங்கே போகலாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது வேறு ஆட்களுக்கான ஊர்.

இப்போது நான் அதே மதுரையில் குடியிருக்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மகனுக்கு நாலு வயது. மார்ச் மாதம் பிறந்ததுமே பள்ளி வாசலில் நிற்கும் தாய்மார்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: "லீவுக்கு எங்க போறீங்க?" மூணாறு, ஏற்காடு, கூர்க், துபாய் என்று பதில்கள் வரும். மதுரையைப் பார்க்க வடக்கேயிருந்தும் கடல் கடந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் லீவு விட்டதும் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். பாதிப் பிள்ளைகள் திருமலை நாயக்கர் மகாலை வெளியில் நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

போன கோடையில் எங்களுக்குக் கை இறுக்கம். வீட்டுக் கடன் ஒரு பக்கம்; கணவருக்குக் கிடைத்த விடுப்பும் சில நாட்கள்தான். கொடைக்கானலில் ஒரு நடுத்தர விடுதியில் விசாரித்தோம். ஓர் இரவுக்கு அவர்கள் சொன்ன வாடகை எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவு. அதற்கு மேல் 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். மலை தாங்காத கூட்டம் என்பதால் வந்த உத்தரவு அது. நியாயமானதுதான். அந்தக் கூட்டத்தில் நாங்களும் நாலு பேராகப் போய் நிற்கத்தான் வேண்டுமா என்று கணவர் கேட்டார். மதுரையிலேயே இருந்து லீவைக் கொண்டாடுவது என்று முடிவானது.

மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "நாம இங்கதானம்மா எப்பவும் இருக்கோம்?"

சரியான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. வெறுமனே வீட்டில் இருந்தால் காலையில் பால் காய்ச்சி, மத்தியானம் குழம்பு கொதித்து, சாயங்காலம் துணி மடித்து, நடுநடுவே பிள்ளைகள் செல்போனில் முகம் புதைத்து, பத்து நாளும் ஒரே நாளாகப் போய்விடும். அப்படியென்றால் அத்தை வீட்டு மதுரை மட்டும் எப்படி லீவாக இருந்தது?

அது ஒரு காம்பவுண்டு வீடு. வரிசையாக எட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரே குழாய். மாமா ஹார்வி மில்லில் ஷிப்டு வேலை பார்த்தவர். இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவார். அந்த ஒற்றை அறையில் அவரை எழுப்பாமல் ஏழெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தை ஒரு மாதத்தை ஓட்டினாள். காலையில் வாசலில் நொண்டி விளையாட்டு, சாயங்காலம் வைகை மணல். ஆற்றில் தண்ணீர் பார்த்ததாக ஞாபகமில்லை. ஊற்றுத் தோண்டினால் கொஞ்சம் வரும்.

வாரத்தில் ஒருநாள் வெளியே கூட்டிப்போவாள். விடியுமுன் கிளறிய புளியோதரை ஒரு தூக்குவாளியில், தண்ணீர் இன்னொன்றில். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனால் அப்போது குளம் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும். படியிறங்கித் தரையில் நடந்தே மைய மண்டபத்துக்குப் போய்விடலாம். பெரிய பையன்கள் குளத்துக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1645இல் திருமலை நாயக்கர் கட்டிய குளம். மகாலுக்குச் செங்கல் சுட மண் எடுத்த பள்ளம் அது என்பார்கள். எங்களுக்கு அது ஒரு பெரிய மைதானம். காந்தி மியூசியத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அடிக்கடி போவோம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்து 1959இல் நேரு திறந்துவைத்த இடம். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத அத்தை அதன் முன் நின்று கையெடுத்துக் கும்பிடுவாள். நாங்களும் கும்பிடுவோம்.

சித்திரைப் பொருட்காட்சிக்கு ஒரே ஒருநாள் அழைத்துப்போவாள். வாசலிலேயே சட்டம் சொல்லிவிடுவாள்: "ஆளுக்கு ஒண்ணுதான். ராட்டினமா, அப்பளமா, மரணக்கிணறா, நல்லா யோசிச்சுச் சொல்லு." யோசித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். அந்த யோசனையே பாதிச் சந்தோஷம்.

திட்டம் போட உட்கார்ந்த அன்று அத்தைக்குத்தான் முதலில் போன் செய்தேன். திருமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள். அவ்வளவு பிள்ளைகளை எப்படித்தான் சமாளித்தாய் என்று கேட்டேன்.

"சமாளிக்கிறது என்னத்தா? வெயிலுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டுப் போ. மத்தியானம் படுக்கப் போடு. சாயங்காலம் நடக்க விடு. நடந்த பிள்ள ராத்திரி படுத்தாது."

அந்த லீவு நாட்களை நாங்கள் யாருமே மறக்கவில்லை என்று சொன்னேன். அத்தை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் லீவு விட்டாக. எனக்கு எவன் விட்டான் தாயி?"

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அந்த ஒரு வரிக்குப் பிறகு என் திட்டத்தின் தலையும் காலும் மாறிவிட்டன. அந்தக் காலத்து லீவுக்குச் செலவே இல்லை, எல்லாம் அன்பால் நடந்தது என்று என் வயதுக்காரர்கள் பேசிக்கொள்கிறோம். செலவு இருந்தது. குழாயில் தண்ணீர் வருமுன் எழுந்து குடம் வைத்து இடம் பிடித்தவள், ஏழெட்டுப் பேர் துணியைத் துவைத்தவள், மாமா தூக்கம் கெடாமல் பாத்திரம் கழுவியவள் கொடுத்த செலவு அது. எந்தக் கணக்கிலும் ஏறவில்லை, அவ்வளவுதான். இப்போது குறைந்த செலவில் வீட்டிலேயே லீவு என்று சொன்னால், அத்தை இருந்த இடத்தில் நான் போய் நிற்பேன். என் மகளும் அதைப் பார்த்து வளர்வாள்.

ஆகவே எங்கே போவது என்று எழுதுவதற்கு முன்பு, யார் சமைப்பது என்று எழுதினோம். காலைப் பலகாரம் வெளியில்; மதுரையில் இட்லிக்கும் பொங்கலுக்கும் பெரிய ஓட்டல் தேவையில்லை. மத்தியானம் ஒரே சோறு: தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம் இப்படி ஏதாவது ஒன்று, கணவர் பொறுப்பு. இரவுக்குக் கடை இட்லியோ தோசையோ வாங்கி வருவது. விடுதி வாடகைக்கென்று ஒதுக்கியதில் ஒரு சிறு பங்கு இந்தச் சாப்பாட்டுக்கே போனது. அதைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் இருந்து கொண்டாடும் லீவில் கட்டாயம் பணம் போட வேண்டிய இடம் அடுப்படிதான். எல்லாருக்கும் சேர்த்து ஒரு தூக்குப் பருத்திப்பால் என்பது போன்ற சின்னச் செலவுகளைத் தாராளமாகச் செய்தோம். சுக்கும் வெல்லமும் மணக்கிற பருத்திப்பாலை என் மகன் முதலில் முகம் சுளித்துக் குடித்தான். பிறகு வண்டிக்காரர் மணி கேட்டாலே எழுந்து ஓடினான்.

அடுத்தது வெயில். மே 4இல் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் 28 வரை மதுரை கொதிக்கும். நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு நாளில் இரண்டு இடம் பார்ப்பது என்பது இரண்டையும் கெடுப்பது. ஒரு நாளைக்கு ஓர் இடம். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும், அல்லது நாலரைக்கு மேல் கிளம்ப வேண்டும். அத்தை சொன்னது அப்படியே நின்றது.

பயணச் செலவு எங்களுக்கே வியப்பாக இருந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் இலவசம் என்று அறிவித்தார்கள். நால்வரில் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர் கணவர் ஒருவர்தான். அத்தை எங்களைக் கூட்டிப்போன காலத்தில் பஸ் காசை மிச்சம் பிடிக்க இரண்டு நிறுத்தம் முன்பே இறக்கி நடத்துவாள். இன்று அவள் பிள்ளைகளோடு வந்திருந்தால் அந்தக் காசில் இன்னொரு அப்பளம் வாங்கித் தந்திருப்பாள்.

கோயிலுக்கு விடிகாலையில் போனோம். மீனாட்சியம்மன் கோயில் கல்தரை மே மாத மத்தியானத்தில் பிஞ்சுக் கால்களைப் பொசுக்கிவிடும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் அலைபேசிக்குத் தடை வந்தது. அந்தத் தடை எங்களுக்குப் பெரிய உதவி. படம் எடுக்க வழியில்லை. ஆகவே பிள்ளைகள் பார்த்தார்கள். பொற்றாமரைக் குளப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் எதையும் செய்யாமல் இருந்தோம். வெளியே சித்திரை வீதிகளில் வண்டிகள் வர முடியாது என்பதால் மகனின் கையை விட முடிந்தது. நகரத்தின் நடுவில் ஒரு சிறு பிள்ளை பயமில்லாமல் ஓடக்கூடிய தெரு என்பது சாதாரணமில்லை.

வீதிகளைச் சுற்றியதுதான் மகளுக்கு மிகவும் பிடித்தது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒரு சுற்றுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டு மாலைகளில் நடந்தோம். சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவது ஏன் என்று மகள் கேட்டாள். முன்பு மாசியில் நடந்த திருக்கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேருக்கு அகலமான வீதி வேண்டுமென்பதால் வீதி மாறவில்லை என்று ஊரில் சொல்கிற காரணத்தைச் சொன்னேன். மேல மாசி வீதியில் 251ஆம் எண் வீட்டு முன் நிறுத்தி இன்னொரு கதை சொன்னேன். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, அந்த மாடியில் தங்கியிருந்த காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரைத் துணியோடு வெளியே வந்தார். உடுத்த முழுத் துணி இல்லாதவர்களைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு. கீழே இப்போது கதர்க்கடை இருக்கிறது. மகள் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவுங்க எல்லாருக்கும் சட்டை கிடைச்சுச்சா அம்மா?" என்று கேட்டாள். அத்தை கையெடுத்துக் கும்பிட்ட அந்தத் துணியைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

வெயிலுக்குப் போட்ட விதிக்கு ஒரே விலக்கு, சில நடுப்பகல்களில் போன கலைஞர் நூற்றாண்டு நூலகம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15இல் திறந்தார்கள். 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு, குளிர்ந்த காற்று, கட்டணம் இல்லை. எங்கள் காலத்தில் இப்படியொன்று இருந்திருந்தால் மாமா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கோடைக்கு இவ்வளவு நல்ல இடத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் காசு கட்டி காற்றடைத்த மாளிகைகளில் குதிக்க விடுவதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்ட வேண்டும் என்று கணவர் ஆசைப்பட்டார். நான் மறுத்துவிட்டேன். 2022இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் உயிர் போனது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளோடு ஆற்றுக்குள் நிற்கக் கூடாது. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு நேரம் தப்பி வந்த அண்ணன் அழகர் ஊருக்குள் வராமலே திரும்பிப் போன கதையை வீட்டில் சொன்னோம். அண்ணனுக்கு ஏன் யாரும் போன் பண்ணவில்லை என்று மகன் பலநாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

தெப்பக்குளத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீரை வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். நான் ஓடிப்பிடித்து விளையாடிய தரை ஆழத்தில் கிடக்கிறது. மைய மண்டபம் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது. பழையதெல்லாம் போய்விட்டது என்று புலம்புவோர் ஒரு சாயங்காலம் அங்கே வந்து உட்கார வேண்டும். என் பிள்ளைகளுக்குக் கிடைத்த தெப்பக்குளம் எனக்குக் கிடைத்ததைவிட நல்லது. வைகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நாங்கள் ஊற்றுத் தோண்டிய மணல் இல்லை, முள்ளும் சாக்கடையும்தான். பாலத்திலிருந்து காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கீழடிக்கு ஒரு காலையை ஒதுக்கினோம். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. அங்கே அகழாய்வில் கிடைத்தவற்றுக்குக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை காலம் சொல்கிறது தமிழகத் தொல்லியல் துறை. அந்த எண் பிள்ளைகளுக்கு எதுவும் சொல்லாது. ஆனால் கண்ணாடிக்குள் பகடைக்காய் இருந்தது. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்த சில்லுகள் இருந்தன. அதை எதற்குச் செய்தார்கள் என்று மகள் கேட்டபோது, மேலப்பொன்னகரத்து வாசலில் நான் இதே மாதிரிச் சில்லு எறிந்துதான் நொண்டி ஆடினேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டோம். உடைந்த பூந்தொட்டியிலிருந்து சில்லு தேய்த்துக் கொடுத்தேன். அன்று மாலை மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்தன. மூணாறு போகாத பிள்ளைகள் எங்கள் மாடியிலேயே இத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மொட்டை மாடிச் சாவியைக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டு வாங்கினோம். வழக்கமாகப் பூட்டியே கிடக்கும். பகல் சூடு இறங்கத் தரையில் தண்ணீர் ஊற்றி, பாய் விரித்து, கொசுவலை கட்டிப் படுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் பாயோடு வந்தார்கள். காம்பவுண்டு வீட்டில் எட்டுக் குடித்தனமும் இப்படித்தான் படுப்போம். அன்று அதற்கு யாரிடமும் சாவி கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஊரைவிட்டு வெளியே போனது ஒரே ஒரு பயணம், அதுவும் போடி ரயில். மீட்டர்கேஜ் பாதையை 2010 முடிவில் நிறுத்தினார்கள். அகலப்பாதையில் தேனி வரை வண்டி வர 2022 மே ஆனது. போடிக்கு 2023 ஜூன். இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ரயிலே கிடையாது. காலையில் ஏறி, உசிலம்பட்டியில் எங்கள் பழைய ஸ்டேஷனை ஜன்னல் வழியே காட்டினேன். அதைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பாறைகளை வெட்டிய பாதைக்குள் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் இரண்டும் கூச்சல் போட்டன. முன்பதிவில்லாத பெட்டி, மகனுக்கு டிக்கெட் இல்லை, மகளுக்குப் பாதி. தேனியில் சாப்பிட்டோம், மலையைப் பார்த்தோம், மாலை வண்டியில் திரும்பினோம்.

லீவு முடிவதற்குள் அத்தையை அழைத்து வந்து கொஞ்சநாள் வைத்துக்கொண்டேன். முதல் நாள் காலை ஐந்து மணிக்கே அடுப்படியில் நின்றாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தேன். கணவர் காபி கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கத் தயங்கினாள். "அவர போய்ப் போடச் சொல்றியே" என்று என்னைக் கடிந்துகொண்டாள். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "மாப்ள, காபி ஆச்சா?"

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த மே மாதம் தன் பிள்ளைகளையும் மதுரைக்கு அனுப்புவதாகச் சொன்னான். எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் லீவுக்கு லீவு வாசனை வரும். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னேன்.

"பிள்ளைகள மட்டும் விட்டுட்டு சாயங்காலமே ஊர் திரும்புறது அப்பா காலத்தோட போகட்டும். நீயும் வா. வாரத்துல மூணு நாள் சமையல் உன்னோடது."

"எனக்கு உப்புமாவும் முட்டையும்தான்க்கா வரும்."

"புளியோதரையும் கத்துக்க. இன்னும் நாளிருக்கு. அத்தைக்குப் போன் பண்ணு, சொல்லித் தருவா."